பாளையங்கோட்டை பாப்பாத்தியம்மாள் கோயில்

பாளையங்கோட்டை என்றாலே பலருக்கும் ஊசிக்கோபுரம்தான் ஞாபகம் வரும். 1826ல் ரேனியஸ் ஐயர் கட்டிய பெரிய கோயில் அது. ஆனால் அதற்கு 41 வருடம் முன்பே இதே ஊரில் ஒரு சின்னக் கோயில் கட்டப்பட்டுவிட்டது. கட்டியவர் ஒரு பெண். ஏட்டில் அதன் பெயர் குளோரிந்தா ஆலயம். ஊர் வாயில் அது பாப்பாத்தியம்மாள் கோயில்!

யார் இந்தப் பாப்பாத்தியம்மாள்? தஞ்சாவூர் அரசரிடம் வேலை பார்த்த ஒரு மராட்டிய பிராமணரின் மனைவி. இளம் வயதிலேயே விதவையானார். உடன்கட்டை ஏற இருந்தவரை லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி காப்பாற்றினார் என்பது ஊரில் சொல்லும் கதை. நம் நெல்லைச் சீமையைச் சேர்ந்த அ. மாதவையா 1915ல் ஆங்கிலத்தில் எழுதிய 'கிளாரிந்தா' நாவலிலும் இந்தக் கதை வருகிறது.

அந்த அதிகாரியுடன் வாழ்ந்தபோதுதான் அவருக்குக் கிறிஸ்தவ மதம் அறிமுகமானது. ஞானஸ்நானம் கேட்டு ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் போனார். முறைப்படி கல்யாணம் செய்யாமல் ஒருவரோடு வாழ்கிறாய் என்று சொல்லி ஐயர் மறுத்துவிட்டார். பிறந்த சாதி வெள்ளைக்காரனோடு வாழ்ந்தவளைத் திரும்பச் சேர்க்காது. சேர விரும்பிய சபையும் சேர்க்கவில்லை. அவர் நிலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்!

அதிகாரி இறந்த பிறகு, 1778ல் சுவார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்து அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அப்போது வைத்த பெயர்தான் குளோரிந்தா. 1780ல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் 40 பேர் இருக்கிறார்கள். பல சாதிக்காரர்கள். பட்டியலின் முதல் பெயர் குளோரிந்தா. திருநெல்வேலிச் சபையின் தொடக்கம் என்று இந்தப் பட்டியலைத்தான் காட்டுகிறார்கள்.

அவர் அதோடு நிற்கவில்லை. தஞ்சாவூர் வரை போய் சபைக்கு உதவி கேட்டார். கோட்டையில் இருந்த ஆங்கிலேயர் சிலரின் உதவியோடு கோயிலைக் கட்டி முடித்தார். 1785ல் சுவார்ட்ஸ் வந்து அதைப் பிரதிஷ்டை செய்தார். ஒரு காலத்தில் மறுத்தவரே வந்து, அந்தப் பெண் கட்டிய கோயிலில் ஜெபம் செய்தார் என்பது குறிப்பிடத்தக்கது. பிறகு சத்தியநாதன் என்ற தமிழ் உபதேசியார் இங்கே அனுப்பப்பட்டார். 1790ல் அவர் குருப்பட்டம் பெற்றார்.

அந்தக் கோட்டையில் இன்று மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். மேடைப் போலீஸ் ஸ்டேஷன் என்று நாம் சொல்லும் கட்டடம் அதன் மேற்கு வாசல். ஆனால் கோட்டைக்குள் எழுந்த அந்தச் சின்னக் கோயில் இன்றும் நிற்கிறது.

எனக்கு அதன் பெயர்தான் ஆச்சரியம். எந்தச் சாதி அவரை வெளியே தள்ளியதோ, அந்தச் சாதியின் பெயரையே ஊர் அவருக்குத் திரும்பக் கொடுத்திருக்கிறது. அவர் தேர்ந்த மதம் கொடுத்த பெயர் ஏட்டில் மட்டும் நின்றுவிட்டது. இது மரியாதையா, சாதி விடாது என்பதற்குச் சாட்சியா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். 'அம்மாள்' என்று சேர்த்துச் சொன்னது மரியாதை. 'பாப்பாத்தி' என்றது சாதி.

அடுத்த முறை ஊசிக்கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும்போது, இந்தச் சின்னக் கோயிலையும் ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.