எழுதாமல் விட்ட இடக்கை

ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்பது நம் பழமொழி. சங்கீத வித்துவான்கள் சிலர் இப்பழமொழியைச் சுரதாளக் குறிப்புப் புத்தகங்களின்மேல் எறிவது வழக்கம். வாயினால் சொல்லிச் செவியினால் கொள்ள வேண்டிய பொருளைத் தாளில் எழுதினால் எலும்புதான் எஞ்சும், உயிர் எஞ்சாது என்பது அவர்கள் கட்சி. இதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், எழுதப்படாத பாட்டு யாருடைய உடைமையாக இருந்தது? எழுதப்பட்டபின் யார் கைக்கு வந்தது? எழுதியவர்கள் எதை எழுதாமல் விட்டார்கள்? இம்மூன்று வினாக்களையும் வரலாற்றின் முன் நிறுத்திக் கேட்டால், விஷயம் அத்தனை எளிதன்று என்பது புலனாகும்.

பதிப்பு என்ற சொல்லின் பாரத்தை யாழ்ப்பாணத்தாருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1820 ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷன் தன் அச்சாளர் ஒருவரையே கடல் கடந்து இங்கே அனுப்பியது. அன்றைய ஆங்கிலத் தேசாதிபதி அவரை இந்நாட்டில் தங்க விடவில்லை. அச்சு என்பது ஆள்வோர் அஞ்சும் பொருள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 1834 இல்தான் மானிப்பாயில் அந்த மிஷனின் அச்சகம் நிலைபெற்றது. 1849 இல் வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் தம் அச்சகத்தை நிறுவினார். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, செல்லரித்த ஏடுகளைத் தேடித் திரட்டி, பாடபேதங்களை ஒப்புநோக்கி, 1881 இல் வீரசோழியத்தையும் 1887 இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். ஏட்டில் இருப்பது எது, பின்னால் வந்தவன் இட்டு நிரப்பியது எது என்று பிரித்தறிவதே பதிப்பாசிரியனின் அறம் என்பதை இத்தகையோரிடமிருந்தே நாம் கற்றோம்.

இதே அறம் இசை ஏடுகளுக்கும் உண்டு. ஐரோப்பாவின் பியானோ கொன்செர்ட்டோக்கள் அச்சேறிய கதை அதற்கு நல்ல சான்று.

கொன்செர்ட்டோ என்பது ஒரு தனி வாத்தியம் பெரும் வாத்தியக் குழுவோடு உரையாடும் இசைவடிவம். மொஸார்ட் தம் கொன்செர்ட்டோக்களிற் பெரும்பாலானவற்றைத் தாமே மேடையில் வாசிப்பதற்காக எழுதினார். தம் கை அறிந்ததைத் தாம் ஏன் எழுத வேண்டும்? 1788 பெப்ரவரியில் அவர் முடித்த ஒரு கொன்செர்ட்டோவின் கையெழுத்துப் பிரதியில், பியானோவின் வலக்கைக்குரிய சுரங்கள் உள்ளன. இடக்கைக்குரிய இடமோ பல பக்கங்களில் வெறுமையாக நிற்கிறது. இரண்டாம் பகுதி முழுவதிலும் இடக்கைக்கு ஒரு சுரமும் இல்லை. 1790 இல் பிராங்போர்ட்டில், சக்கரவர்த்தி இரண்டாம் லியோபோல்டின் முடிசூட்டு விழாவையொட்டி மொஸார்ட் அதை வாசித்தார். 'முடிசூட்டுக் கொன்செர்ட்டோ' என்ற பெயர் அதனால் வந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில், முப்பத்தைந்து வயதில், அவர் இறந்துபோனார். அந்த இடக்கை அவரோடு மண்ணுக்குள் போயிற்று.

1794 இல் ஒபென்பாக் நகரின் யோகான் ஆந்திரே அந்த இசையை அச்சிட்டபோது இடக்கை நிறைந்திருந்தது. நிரப்பியவர் ஆந்திரேயாகவே இருக்கவேண்டும் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. அவர் பெயர் அதற்காக எங்கும் பொறிக்கப்படவில்லை. நெடுங்காலம் வாசித்தவர்களும் கேட்டவர்களும் அது முழுவதையும் மொஸார்ட்டின் கை என்றே கொண்டனர். 1955 இல் வெளிவரத் தொடங்கிய புதிய மொஸார்ட் பதிப்புத்தான், பிறர் இட்ட சுரங்களைச் சிறிய எழுத்தில் அச்சிட்டு, இது அவருடையது, இது அவருடையதன்று என்று கோடு கிழித்துக் காட்டியது.

பீதோவனின் கதையும் இதைப் போன்றதே. 1803 இல் வியன்னாவில் அவர் தம் மூன்றாவது கொன்செர்ட்டோவை வாசித்தபோது, பக்கம் புரட்டிக் கொடுத்த நண்பர் கண்டது பெரும்பாலும் வெறுந்தாள்களையே. மறு ஆண்டு மாணாக்கராகிய ரீஸ் அதை வாசிக்க வேண்டி வந்தது. அப்போதுதான் பீதோவன் பியானோவின் பகுதியை முழுதாக எழுதிக் கொடுத்தார். இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. கலைஞன் தனக்காக எழுதுவதில்லை. இன்னொரு கை அதை வாசிக்க வேண்டும் என்ற நிலை வரும்போதே இசை தாளுக்கு வருகிறது. எழுத்து, பகிர்வின் குழந்தை.

பகிர்வுக்குப் பின்னால் சந்தையும் நின்றது. 1783 ஜனவரியில் மொஸார்ட் தம் மூன்று கொன்செர்ட்டோக்களின் கையெழுத்துப் பிரதிகளை நான்கு டக்கட் பொன்னுக்குச் சந்தா முறையில் விற்பதாக வியன்னாப் பத்திரிகையில் விளம்பரம் செய்தார். அவையே 1785 இல் அர்தாரியா நிறுவனத்தால் அச்சேறின. படைப்பாளியின் உரிமையைக் காக்கச் சட்டம் இல்லாத காலம் அது. பிரதி செய்பவன் இரகசியமாக இன்னொரு பிரதி எடுத்து விற்றுவிடுவான் என்று அஞ்சி, வீட்டுக்குள் வைத்தே பிரதி செய்விக்கும்படி அவர் தம் தந்தைக்கு எழுத வேண்டியிருந்தது. பிரபுக்களின் அரண்மனையில் சேவகம் செய்வதா, சந்தையில் நின்று விலை கூறுவதா என்ற இரண்டுக்கும் நடுவில் நசுங்கிய மேதையின் வாழ்வு அது. சில ஆண்டுகளுக்குப்பின், தன் நாடகங்களை அச்சிடப் பணமில்லாத செனபெல்டர் என்ற நாடகாசிரியன் கல்லச்சு முறையைக் கண்டுபிடித்தான். 1799 இல் ஆந்திரேயின் மகன் அம்முறையை இசை அச்சுக்கு வாங்கிப் பயன்படுத்தினார். ஏழை ஒருவனின் முடை பிறப்பித்த கல்லச்சு, இசையை அரண்மனையிலிருந்து நடுத்தர மக்களின் கூடத்துக்குக் கொண்டுவந்த கருவிகளுள் ஒன்றாயிற்று.

நம் பக்கம் திரும்புவோம். கருநாடக இசையில் எழுதாமல் விட்ட இடக்கை எது? கமகம். ச, ரி, க, ம என்று சுரங்களை எழுதிவிடலாம். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்குப் போகும் அசைவையும் வழுக்கலையும் எழுதுவது எங்ஙனம்? இந்தக் கேள்வியோடு போராடிய இருவர் நம் நன்றிக்குரியவர். ஒருவர், சென்னை அரசாங்க அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்த கிறிஸ்தவராகிய சின்னசாமி முதலியார். 1890களின் தொடக்கத்தில் அவர் நம் கீர்த்தனங்களை ஐரோப்பிய ஐந்துகோட்டுக் குறிப்பில் எழுதி வெளியிட்டார். கண்ணொளி குன்றும்வரை உழைத்தார். மற்றவர், எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரின் பேரனும் சுவீகார புத்திரனுமானவர். சின்னசாமி முதலியாரின் தூண்டுதலாலும் எட்டயபுரம் சமஸ்தானத்தின் பொருளுதவியாலும், 1904 இல் அவர் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற பெருநூலைத் தெலுங்கில் வெளியிட்டார். முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் இருநூற்றுக்கு மேற்பட்டவை அதில் அடங்கின. ஒவ்வொரு கமகத்துக்கும் தனிக்குறி வகுத்து, எழுத இயலாது என்று சொல்லப்பட்டதை எழுதிக் காட்டினார். ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பேணிய செல்வத்தை ஊரறியத் திறந்துவைத்த செயல் அது. அந்நூல் தமிழில் வர 1960கள் பிறக்க வேண்டியிருந்தது.

திறந்துவைத்தல் என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதினேன். குருகுலம் என்ற பெயரைக் கேட்டதும் நாம் உருகிப் போகிறோம். குருவின் வீட்டுத் திண்ணையில் ஏற எந்தச் சாதிக்கு அனுமதி இருந்தது, எந்தச் சாதிக்கு இருக்கவில்லை என்பதை மறந்து விடுகிறோம். அச்சுப் புத்தகம் சாதி கேட்பதில்லை. அதை வாங்கும் கை பெண்ணினுடையதா, ஆணினுடையதா என்று பார்ப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளுக்கு ஊர்தோறும் பிள்ளைகள் ஆயத்தமானதும், 1960 இல் மருதனார்மடத்தில் தொடங்கி 1975 இல் பல்கலைக்கழகத்தோடு இணைந்த இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் மாணவர் பயின்றதும், பாடத்திட்டமும் சுரக்குறிப்பும் இருந்தமையால் இயன்ற காரியங்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதிருக்கலாம். ஆனால் அதில் விதை இருக்கிறது. தோட்டமில்லாதவனுக்கு விதைதானே வேண்டும்?

எனினும் நம் அச்சு எல்லோரையும் ஒன்றாக நடத்திற்றா? இல்லை. சமஸ்தானமும் சபாவும் போற்றிய கீர்த்தனம் அச்சேறியது. இணுவிலிலும் அளவெட்டியிலும் தலைமுறைகளாக நாதசுரமும் தவிலும் பயின்ற குடும்பங்களின் கலைக்கு அச்சில் கிடைத்த இடம் மிகச் சிறிது. தமிழகத்து மேடைகளையும் வியக்கவைத்த தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி 1975 இல் மறைந்தார். ஒலிப்பதிவு நாடாக்கள் சில எஞ்சின; அவர் விரல்களின் கணக்கு, மொஸார்ட்டின் இடக்கைபோல, பெரும்பாலும் அவரோடே போயிற்று. கோயில் வீதியில் அக்கலைஞர்களின் வாசிப்பில் விடியும்வரை உருகிய சமூகம், பொழுது விடிந்ததும் அவர்களைச் சரியாசனத்தில் இருத்தத் தயங்கியது. ஆசனம் கொடாதவர்கள் ஏட்டில் இடம் கொடுப்பார்களா?

நாட்டுக் கூத்தின் நிலையும் அதுவே. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்து நூல்கள் சிலவற்றைப் பதிப்பித்தது பெரும்பணி. ஆயினும் பொதுவாக நம் கூத்துப் பிரதிகளில் அச்சேறியது பாட்டின் சொல். மெட்டு அண்ணாவியாரின் தொண்டையிலேயே தங்கிற்று. வலக்கை அச்சில், இடக்கை மனிதனில். மனிதன் போனால் அது எங்கே?

இக்கேள்வி வெறும் சங்கீத விசாரமன்று. 1947 இல் விபுலாநந்த அடிகள் 'யாழ் நூல்' வெளிவந்த சில வாரங்களிலேயே காலமானார். பல்லாண்டு கணித்துக் கண்ட பழந்தமிழிசையின் இலக்கணம் அச்சேறிப் பல கைகளுக்குப் பரவியமையால் அவரோடு அழியவில்லை. 1981 மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. பல பிரதிகளாகப் பரவியிருந்த புத்தகத்தைத் தீ முற்றாகக் கொல்ல முடியவில்லை. ஒரே பிரதியாயிருந்த ஏடு மீளவேயில்லை. பின்வந்த போர் ஆண்டுகளில் ஊர்கள் பெயர்ந்தன, கலைஞர்கள் சிதறினர். ஒருவரிடம் மாத்திரம் இருப்பது ஒருவரோடு அழியும் என்ற பாடத்தை இத்தனை விலை கொடுத்துக் கற்ற மக்கள் வேறு யார் உளர்?

இன்று கருவிகளுக்குக் குறைவில்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத் திட்டம் ஈழத்து நூல்களை எண்ணிம வடிவில் எல்லோர்க்கும் இலவசமாக வழங்குகிறது. உலகத்தின் பழைய இசைப் பதிப்புகளும் அவ்வாறே திறந்து கிடக்கின்றன. குறைவு கருவியில் இல்லை. யாருடைய இசை எழுதத் தக்கது என்ற நம் கணிப்பில் இருக்கிறது.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவானவை. தவிலின் சொற்கட்டும், நாதசுரத்தின் மல்லாரியும், கூத்தின் மெட்டும் சுரதாளக் குறிப்போடும் ஒலிப்பதிவோடும் பதிப்பிக்கப்பட வேண்டும். வாசித்தவர் பெயரும், அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் பெயரும், எழுதியெடுத்தவர் பெயரும் அதில் நிற்க வேண்டும். எழுதியெடுத்தவர் ஊகித்து நிரப்பிய இடம் இருந்தால் அது சிறிய எழுத்தில், நேர்மையாக, வேறாகத் தெரிய வேண்டும். தாமோதரம்பிள்ளை இலக்கிய ஏடுகளுக்குச் செய்த கடனை இசைக்கும் செய்வது நம் தலைமுறையின் பொறுப்பு. வெறுந்தாளை நிரப்ப ஓர் ஆந்திரே எப்போதும் வருவான்; ஆனால் அவன் நிரப்புவது அவனுடைய இசையாகவே இருக்கும். நம்முடையதை, உரியவர் உயிரோடிருக்கும்போதே, நாமே எழுதிக்கொள்வோம்.