மணற்பலகையும் மின்பலகையும்

கல்விக் கருவிகளின் வரலாற்றை நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். புதிய கருவி வகுப்பறைக்குள் நுழையும்போதெல்லாம், கற்பிப்பவர் யார் என்னும் பழைய வினாவும் உடன் நுழைகின்றது.

1789-இல் சென்னை எழும்பூரில், படைவீரர்தம் ஆண்மக்களுக்கென அமைந்த அனாதை இல்லத்தின் பொறுப்பை ஸ்காட்லாந்து நாட்டவரான ஆண்ட்ரூ பெல் ஏற்றார். நம் நாட்டுப் பள்ளிச் சிறார் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்ட அவர், அம்முறையைத் தம் பள்ளியிலும் புகுத்த விழைந்தார். ஆசிரியர் இயலாதென்று கைவிரித்தார். பெல் அப்பணியை ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயது மாணவனிடம் ஒப்படைத்தார். அவன் அதனைச் செய்துகாட்டினான். மணல் மாறவில்லை, கற்பிக்க முன்வந்த மனமே மாறிற்று. 1797-இல் பெல் இலண்டனில் வெளியிட்ட நூலின் வழியே, மாணவர் மாணவர்க்குக் கற்பிக்கும் ‘சென்னை முறை’ மேலைநாடுகளில் பரவலாயிற்று.

மணற்பலகைக்குப் பின் சிலேட்டு வந்தது. 1972-இல் அமெரிக்க அறிஞர் ஆலன் கே, சிறுவர் கையில் ஏந்தும் ‘டைனாபுக்’ என்னும் கணினியைக் கட்டுரையில் வரைந்து காட்டினார். 2010-இல் ஐபேட் வெளிவந்தபின் அரசுகளும் இதில் ஆர்வம் கொண்டன.

தாய்லாந்தில் 2011 தேர்தலில் வென்ற யிங்லக் ஷினவத்ரா, முதல் வகுப்பு மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கைக்கணினி என்னும் வாக்குறுதியை நிறைவேற்ற முற்பட்டார். 2012-இல் சீனாவிலிருந்து வாங்கிய ஏழு அங்குலத் திரைக் கருவிகள் சிறார் கைகளை அடைந்தன. ஆசிரியர்களைப் போதிய அளவு ஆயத்தப்படுத்தவில்லை என்னும் குறை தொடக்கத்திலேயே எழுந்தது. 2014 மே மாதம் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது. தேர்தலால் பிறந்த திட்டம், ஆட்சி கவிழ்ந்ததும் மடிந்தது.

தென் அமெரிக்காவின் உருகுவே வேறு வழி சென்றது. 2007-இல் தொடங்கிய ‘செய்பால்’ திட்டம், 2009-க்குள் அரசுத் தொடக்கப்பள்ளி மாணவர் அனைவருக்கும் மடிக்கணினி வழங்கியது. பின்னர் இளஞ்சிறார்க்குக் கைக்கணினியும் தந்தது. இணைய இணைப்பு, பழுது நீக்கும் ஏற்பாடு, ஆசிரியர் பயிற்சி ஆகியவற்றையும் அத்திட்டமே சுமந்தது. ஆட்சிகள் மாறியும் அது நிலைத்துள்ளது.

கருவி வாங்க ஓர் ஒப்பந்தம் போதும். ஆசிரியரை உருவாக்கவோ ஆண்டுகள் வேண்டும். அந்தப் பொறுமைக்குத் தேர்தல் காலத்தில் கைதட்டல் கிடைப்பதில்லை. அதன் விலையை இறுதியில் செலுத்துவோர், எழுத்தறியும் வயதைத் திரும்பப் பெறவியலாத குழந்தைகளே. பலகைகளைக் கொள்முதல் செய்யுமுன், அவற்றினருகே அமர்ந்து கற்பிக்கப்போகிறவர் யார் என்று ஆள்வோர் முதலில் கேட்டுக்கொள்வார்களாக.