மன்னர் வாசித்த செல்லோவும் மொசார்ட்டின் கடனும்

நாற்பது தாண்டி செல்லோ கற்றுக்கொள்கிறேன் என்று சொன்னால் எல்லோரும் இரண்டே கேள்விதான் கேட்கிறார்கள். "செல்லோவா, அது என்ன?" "இந்த வயசுல எதுக்கு?"

முதல் கேள்விக்கு பதில் சுலபம். வயலினின் பெரியண்ணன். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி, வில் போட்டு வாசிக்கும் நான்கு தந்தி வாத்தியம். வீணைக்கு இருப்பது போல் மெட்டுகள் கிடையாது. ஸ்வரத்தைக் காதும் விரலும்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு பதில் சொல்ல இருநூறு வருடத்துக்கு மேல் பின்னால் போக வேண்டும். போவோமா?

சேம்பர் என்றால் அறை. சேம்பர் மியூசிக் என்பது இரண்டு பேர் முதல் எட்டு, ஒன்பது பேர் வரை, கண்டக்டர் இல்லாமல், ஆளுக்கு ஒரு பகுதியாக வாசிக்கும் இசை. இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ சேர்ந்தால் குவார்ட்டெட். பதினெட்டாம் நூற்றாண்டு வியன்னாவில் இதன் அச்சுப் பிரதிகளை வாங்கியவர்களில் பெரும்பாலோர் வித்வான்கள் அல்ல. வீட்டில் சேர்ந்து வாசிக்க ஆசைப்பட்ட பிரபுக்கள், அதிகாரிகள், வியாபாரிகள். சபா, டிக்கெட் எல்லாம் பிற்பாடு வந்தவை.

அப்படி வாசித்தவர்களில் மிகப் பெரிய ஆள் பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடெரிக் வில்லியம். 1786-ல் பட்டத்துக்கு வந்தவர். ஜான் பியர் துபோர் என்ற பிரெஞ்சு வித்வானிடம் செல்லோ கற்றவர். ஹைடன் 1787-ல் ஆறு குவார்ட்டெட்களை இவருக்குச் சமர்ப்பணம் செய்தார். 1789-ல் மொசார்ட்டும் பெர்லின் போய்வந்து ஒன்றை எழுதி, தன் படைப்புப் பட்டியலில் பிரஷ்ய மன்னருக்காக என்று குறித்துவைத்தார். அடித்தளமாக முணுமுணுத்துக்கொண்டிருந்த செல்லோ, அதில் மேலே ஏறி ராகம் பாடுகிறது. மன்னர் வாசிப்பாரே, சும்மா பின்பாட்டு கொடுத்தால் நன்றாக இருக்குமா?

இங்கேதான் என் வங்கிப் புத்தி விழித்துக்கொள்கிறது. அந்த வருடங்களில் மொசார்ட் மிகாயேல் புக்பெர்க் என்ற ஜவுளி வியாபாரியிடம் கடிதம் மேல் கடிதம் எழுதிக் கடன் வாங்கிக்கொண்டிருந்தார். அடமானம் இல்லை, ஜாமீன் இல்லை. நட்பை நம்பிக் கொடுத்த பணம். ஆறு எழுதுவதாக இருந்த குவார்ட்டெட்களில் மூன்றுதான் முடிந்தன. கையில் காசு வேண்டும் என்பதற்காக அவற்றை அற்ப விலைக்குக் கொடுத்துவிட்டதாக 1790 ஜூனில் அதே புக்பெர்க்குக்கு எழுதினார். இன்று அவை 'பிரஷ்யன் குவார்ட்டெட்கள்' என்று உலகம் முழுக்க வாசிக்கப்படுகின்றன. அந்தக் கடனை எந்தக் கணக்கில் காட்டுவது? வாராக் கடன் என்று எழுத எனக்குக் கை வராது.

1796-ல் இளைஞர் பீத்தோவன் அதே அரண்மனைக்குப் போனார். பியானோவுக்கும் செல்லோவுக்குமாக இரண்டு சொனாட்டாக்கள் எழுதி, துபோர் சகோதரர்களில் ஒருவரோடு மன்னர் முன்னால் வாசித்தார். பொற்காசு நிரப்பிய தங்கப் பொடி டப்பி பரிசாகக் கிடைத்தது.

இன்னொரு செல்லோக்காரர் ரஷ்ய இளவரசர் நிக்கோலாய் கலிட்சின். 1822 நவம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து பீத்தோவனுக்குக் கடிதம் போட்டு, ஒன்றிரண்டு அல்லது மூன்று குவார்ட்டெட் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் 50 டுகாட் என்று விலை பேசப்பட்டது. பீத்தோவன் 1825-க்குள் மூன்றையும் எழுதிக் கொடுத்தார். முழுப் பணம் அவர் கைக்கு வரவில்லை; 1827-ல் அவர் இறந்த பிறகும் அந்த நிலுவை வாரிசுகள் வரை இழுத்தது. இளவரசரானாலும் வசூல் வசூல்தான்! ஆனால் அந்தக் கடிதம் வராமல் இருந்தால் பீத்தோவனின் கடைசிக் கால குவார்ட்டெட்கள் நமக்குக் கிடைத்திருக்குமா என்பதே சந்தேகம்.

விசித்திரம் என்னவென்றால், அந்த மூன்றும் சாதாரணமாக வாசிக்க முடியாத அளவுக்குக் கடினம். முதலாவதை 1825 மார்ச்சில் அரங்கேற்றிய ஷுப்பான்சிக் குழுவினர் தேர்ந்த வித்வான்கள். அவர்களே அன்று தடுமாறினார்கள். இந்த இசை மெல்ல மெல்ல அறையை விட்டு மேடைக்குப் போனது. வாசித்தவர்கள் ரசிகர்கள் ஆனார்கள்.

ஆனாலும் வீட்டு வாசிப்பு செத்துவிடவில்லை. இங்கிலாந்தில் வால்டர் காபெட் என்ற தொழிலதிபர் ஆயுள் முழுக்க வயலினோடு குவார்ட்டெட் வாசித்து, 1929-ல் சேம்பர் மியூசிக்குக்கு ஒரு கலைக்களஞ்சியமே தொகுத்து வெளியிட்டார். அமெரிக்கக் கல்வியாளர் ஜான் ஹோல்ட் நாற்பது வயதில் செல்லோவைத் தொட்டு, 1978-ல் அந்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். தலைப்பின் பொருளே 'எப்போதும் தாமதமில்லை' என்பதுதான். நம் மும்பையில், 1935-ல் பம்பாய் சிம்பனியைத் தொடங்கிய மெஹ்லி மேத்தாவின் வீட்டுக் கூடத்தில் குவார்ட்டெட் ஒத்திகை நடக்கும். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைதான் ஜுபின் மேத்தா.

நாம் என்ன செய்கிறோம்? செம்பூரிலும் மாட்டுங்காவிலும் பிள்ளைகளைப் பாட்டு, வயலின், கீபோர்டு என்று சேர்த்துவிட்டு, வாசலில் செருப்புகளோடு நாமும் காத்திருக்கிறோம். மேடை ஏறாத சங்கீதம் வீண் என்று எப்படியோ மனதில் பதிந்துவிட்டது. நாற்பதில் தொடங்கினால் அரங்கேற்றமா நடக்கப் போகிறது என்ற கேள்வி அதிலிருந்து வருவதுதான்.

சரித்திரம் சொல்வது வேறு. செல்லோவுக்கு இருக்கும் சில உன்னதமான பக்கங்கள் எழுதப்பட்டதே, பிழைப்புக்காக வாசிக்காத பெரியவர்களின் ஆசைக்காக. ஆபீஸ் முடிந்து வந்து வில்லைக் கையில் எடுப்பவன் இந்த இசைக்கு அந்நியன் இல்லை.

ஒரு யோசனை. அடுத்த முறை நரிமன் பாயிண்ட் என்.சி.பி.ஏ-யில் குவார்ட்டெட் கச்சேரி இருந்தால் குடும்பத்தோடு முன் வரிசையில் உட்காருங்கள். கண்டக்டர் இல்லாமல் அந்த நாலு பேரும் ஒருவர் மூச்சை ஒருவர் கவனித்து எப்படி எடுக்கிறார்கள் என்று பாருங்கள். ரெக்கார்டில் இது கிடைக்காது. வரும் வழியில் பிள்ளைகள் "நீயும் கத்துக்கோயேன்ப்பா" என்று கேட்டால், வயசைக் காரணம் சொல்லாதீர்கள்.