வண்டியிலும் சட்டையிலும் ஒரு புள்ளி

தமிழ்நாட்டில் ஓரளவு பெரிய ஊர் எதிலும் பேருந்து நிலையத்தை ஒட்டி, ‘ரேடியம் ஸ்டிக்கர், டி-ஷர்ட் பிரிண்டிங்’ என்று பலகை மாட்டிய ஓர் அறைக் கடை இருக்கும். ஒரு சுவரோரம் கட்டிங் பிளாட்டர், எதிர்ச்சுவரோரம் ஹீட் பிரஸ். இங்கே ஒரு புல்லட்டின் பெட்ரோல் டேங்குக்குக் ‘கருப்பசாமி துணை’ வெட்டப்படுகிறது. அங்கே பாதயாத்திரைக் குழுவின் பச்சைச் சட்டையில் வேல் ஏறுகிறது. இடமும் முதலீடும் குறைவு, கணினியும் ஒன்றே என்பதால் இரண்டு தொழிலும் ஒரே கூரையின்கீழ் வந்தன என்பார்கள். அது பாதிக் காரணம்தான். அருகருகே வைத்துப் பார்த்தால் இவற்றின் உறவு கடை வாடகையைவிடப் பழையது.

இரண்டுக்கும் முதல் சோதனை தமிழ் எழுத்தின் புள்ளி. ‘கண்ணன்’ என்ற பெயரை பிளாட்டர் வெட்டி முடித்தபின், எழுத்தைச் சுற்றியுள்ள வேண்டாத வினைலை ஊசியால் கிளப்பி உரிக்க வேண்டும். ண், ன் ஆகியவற்றின் தலைமேல் உள்ள புள்ளிகள் எதனோடும் சேராமல் தனித்து நிற்பவை. வேகமாக இழுத்தால் வேஸ்டோடு அவையும் போய்விடும். பழகிய கை வேஸ்டைத் தாளோடு தாளாகத் தட்டையாக மடக்கி இழுக்கும். புள்ளி வருமிடத்தில் நின்று, அதை நகத்தால் அழுத்திக்கொண்டு மேலே செல்லும்.

சட்டையில் அதே புள்ளி வேறு வழியில் தொலைகிறது. ஸ்கிரீன் அச்சில் திரைத்துணிமேல் பூசிய எமல்ஷனுக்கு வெளிச்சம் காட்டும் நேரம் சற்றுக் கூடினால் அது புள்ளியின் ஓரத்தை விழுங்கிவிடுகிறது. கழுவும்போது அந்தத் துளை திறப்பதே இல்லை. பிலிமில் அச்சிட்டுச் சூட்டில் சட்டைக்கு மாற்றும் டிடிஎஃப் முறையில் புள்ளி திறக்க வேண்டியதில்லை. ஆனால் அத்தனை சிறிய பரப்பில் ஒட்டுத்தூள் போதிய அளவு பிடிக்காததால், சில துவைப்புகளில் புள்ளி உதிர்ந்து மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும்.

தனித்து நிற்கும் துண்டுகளை எப்படி இடம் மாறாமல் காப்பது என்பது அச்சுத் தொழிலின் பழைய கேள்வி. ஜப்பானில் கடகாமி எனும் அச்சுத்தாளைச் செய்த கைவினைஞர்கள் வெட்டிய தாளின் துண்டுகளைப் பட்டு இழைகளால் பிணைத்துவைத்தார்கள். மான்செஸ்டரில் சாமுவேல் சைமன் 1907இல் காப்புரிமை பெற்ற பட்டுத்திரை அச்சிலும் அந்த வேலையைச் செய்வது துணியின் இழைகளே. ஸ்டிக்கரில் இழையின் இடத்தை டிரான்ஸ்பர் டேப் எடுத்துக்கொள்கிறது. வேஸ்ட் எடுத்த எழுத்தின்மேல் டேப்பை ஒட்டித் தூக்கினால் எழுத்தும் புள்ளியும் தத்தம் இடைவெளி குலையாமல் எழுந்து வருகின்றன. ஆனால் திரை நூறு சட்டைக்கும் அதே துண்டுகளைப் பிடித்துக்கொண்டிருக்கும். டேப் ஒருமுறை பிடித்துவிட்டுக் குப்பைக்குப் போகும்.

விலைக் கணக்கு பிரிவதும் இங்கேதான். சட்டையில் நான்கு நிறமென்றால் நான்கு ஸ்கிரீன், நான்கு பிலிம். ஒரு சட்டைக்கானாலும் ஐந்நூறுக்கானாலும் அந்த முன்செலவு மாறாது. முதல் சட்டை விலை கூடியது, ஐந்நூறாவது மலிவு. திருப்பூரின் பெரிய ஆர்டர்கள் நிற்பது இந்தக் கணக்கில். ஸ்டிக்கரிலோ முதலாவதற்கும் நூறாவதற்கும் ஏறக்குறைய ஒரே உழைப்பு. ஒவ்வொன்றையும் திரும்ப வெட்டி, திரும்ப உரித்தாக வேண்டும். அதனால்தான் ஒற்றைப் பெயருக்கு வருபவரை ஸ்டிக்கர்காரர் மனமார வரவேற்கிறார்; பதினொரு சட்டை கேட்டு வரும் கிரிக்கெட் அணியைக் கண்டால் ஸ்கிரீன்காரர் யோசிக்கிறார்.

அந்த யோசனையைப் போக்கியது டிடிஎஃப். பிலிமில் படத்தைத் தலைகீழ்ப் பிம்பமாக அச்சிட்டு, மேலே வெள்ளை மை பூசி, ஒட்டுத்தூள் தூவிச் சூடாக்கி, ஏறக்குறைய 150 டிகிரியில் பத்துப் பதினைந்து நொடி சட்டைமேல் அழுத்துகிறார்கள். படம், பசை, உரித்துப்போடும் பிலிம் என மூன்றும் இருப்பதால் இது ஸ்டிக்கரேதான். சட்டைத் தொழில் ஸ்டிக்கரின் சுவருக்கு இடம்பெயர்ந்துவிட்டது என்றே சொல்வேன்.

மூலப்பொருளில் உள்ள உறவு இதைவிட நெருக்கமானது. ஸ்டிக்கர் வினைல் என்பது பிவிசி. கடினமான இந்தப் பிளாஸ்டிக்கை இளக்கி வளையவைக்கும் வழியை அமெரிக்காவில் வால்டோ செமன் 1926இல் கண்டார். ஸ்கிரீன் அச்சின் பிளாஸ்டிசால் மையும் பிவிசிதான். இளக்கித் திரவத்தில் மிதக்கும் பிவிசித் தூள் அது. டப்பாவைத் திறந்தே வைத்தாலும் காற்றில் உலராது. ஏறக்குறைய 160 டிகிரிச் சூட்டில்தான் தூள் திரவத்தோடு கலந்து ஒரே படலமாகிறது. வினைல் தயாரிப்பிலும் இரு வழிகள் உண்டு. சப்பாத்திபோல் உருளைகளுக்கிடையே தேய்த்து எடுப்பது கேலண்டர்டு. தோசைபோல் திரவமாக ஊற்றிச் சுட்டு எடுப்பது காஸ்ட். ஆக, சட்டைமேல் சுட்ட மைக்கும் காஸ்ட் வினைலுக்கும் பொருளும் ஒன்று, பக்குவமும் ஒன்று. தேய்த்த வினைல் தன் இழுவிசையை மறப்பதில்லை. வெயிலில் மெல்லச் சுருங்கி, ஓரத்தில் பசைக்கோட்டைக் காட்டி, அதில் கறுப்பாகத் தூசி படியவிடும். வளைவான பெட்ரோல் டேங்குக்குக் காஸ்ட் வினைலின் கூடுதல் விலை நியாயமானது என்பது என் கருத்து.

பொருள் ஒன்றாயினும் வெப்பத்தின் பங்கு இரண்டிலும் நேரெதிர். சட்டையில் சூடுதான் படத்தைப் பிடிக்கவைக்கிறது. வண்டியில் பழைய ஸ்டிக்கரைக் கழற்றச் சூட்டுக்காற்றைக் காட்டுகிறார்கள். சுத்தமாகப் பிரிந்துவருவது ஸ்டிக்கருக்குப் பெருமை, சட்டை அச்சுக்கு அவமானம்.

ஒட்டப்படும் பரப்பின் குணமும் கவனிக்கத்தக்கது. புதிதாகப் பெயின்ட் அடித்த டேங்கில் உடனே ஸ்டிக்கர் ஒட்டினால், பெயின்டிலிருந்து வெளியேறும் ஆவி கொப்புளமாகத் தங்கும். பருத்தியில் இயல்பாகவே ஈரம் உண்டு. அதைப் போக்காமல் படத்தை அழுத்தினால் பிடிமானம் குறையும். வண்டிக்காரரைச் சில வாரம் கழித்து வரச்சொல்ல வேண்டும். சட்டைக்கு வெறும் பிரஸ்ஸை ஐந்து நொடி வைத்தெடுத்தால் போதும். கதகதப்பான துணியிலிருந்து மெல்லிய ஆவி கிளம்புவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இரண்டுக்கும் ஆகாத பரப்புகளும் உண்டு. ஸ்கூட்டரின் சொரசொரப்பான கறுப்புப் பிளாஸ்டிக்கில் எந்தப் பசையும் எளிதில் நிற்பதில்லை. சிவப்புப் பாலியஸ்டர் ஜெர்சியின் கதை வேறு: படம் நன்றாகவே ஒட்டும், ஆனால் சூட்டில் துணியின் சாயம் ஆவியாகி மேலேறி, வெள்ளை எழுத்து இளஞ்சிவப்பாகிவிடும். சில சமயம் இது மறுநாள்தான் தெரியவரும். அதற்குள் அணி சட்டைகளை வாங்கிப் போயிருக்கும்.

புகார் வரும் காலமும் வேறு. நல்ல ஸ்டிக்கரின் குறை பல வெயிலைக் கடந்துதான் தெரியும், அதற்குள் வண்டியே கைமாறியிருக்கலாம். சட்டையின் குறை முதல் துவைப்பிலேயே கடை வாசலுக்கு வரும். ஆகவே பொருளைக் கையில் கொடுக்கும்போது சொல்ல வேண்டியவையும் வேறு. வண்டிக்காரரிடம்: வாட்டர் சர்வீஸில் தண்ணீர்க் குழாயை எழுத்தின் ஓரத்துக்கு நேராகப் பிடிக்கவிடாதீர்கள். சட்டைக்காரரிடம்: உள்புறத்தை வெளியே திருப்பித் துவையுங்கள், படத்தின்மேல் இஸ்திரிப் பெட்டியை வைக்காதீர்கள். இருவரிடமும் பொதுவாகச் சொல்வது ஒன்றுதான்: ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படக்கூடாது.