வேளிமலையிலிருந்து இறங்கிய வழி

கடியப்பட்டணத்துக்கருகே அரபிக்கடலோடு சங்கமமாகும் வள்ளியாறு வேளிமலையில் பிறந்து வருவதாகையால், அம்மலையின் ஒற்றையடிப் பாதையை விட்டுவிட்டு இக்கடற்கரையூரின் சரித்திரத்தை எழுதப் புகுவது பாதிச் சரித்திரமாகவே முடியும் என்பது என் அபிப்பிராயம்.

குமாரகோவிலுக்கு மேலே ஏறிச் செல்லும் அப்பாதை, காட்சி காண்போருக்காக உண்டானதன்று. வள்ளிக்குகை, வள்ளிச்சுனை, தினைப்புனம், கிழவேடத்தில் வந்த முருகன் பெயரால் கிழவன்சோலை என்று அடிக்கொரு பெயரை ஊரார் வைத்திருப்பதைக் கேட்டுக்கொண்டே ஏறுகையில், புராணம் என்பது இங்கே ஏட்டில் இருப்பதைவிட வழியிலேயே அதிகமாக இருக்கிறதோ என்று தோன்றும். மழைக்காலத்துப் புதர்களில் செங்காந்தள் தீக்கொழுந்துபோல் நிமிர்ந்து நிற்கும். வேங்கை பூக்கும் பருவத்திலோ, வேலன் வேங்கை மரமாகி நின்ற கதையைச் சொல்லாமல் எவரும் அம்மரத்தைக் கடப்பதில்லை. மேலே சென்று திரும்பிப் பார்த்தால், திருவிதாங்கூரின் பழைய தலைநகரான பத்மநாபபுரமும், வயல்களும், தென்னந்தோப்புகளும், அவற்றுக்கப்பால் சமுத்திரமும் ஒரே பார்வையில் அடங்கிவிடுகின்றன.

பங்குனித் திருக்கல்யாணத்தின்போது இதே வழி போர்க்களமாகிவிடும். வள்ளியை அழைத்துக்கொண்டு மலையிறங்கும் முருகனைக் குறவர்கள் மறித்துப் பொருது தோற்கும் வைபவத்துக்குக் குறவர் படுகளம் என்று பெயர். மணமகனை வழிமறிக்கும் உரிமையைப் பெண்வீட்டாருக்கு இத்தனை வெளிப்படையாக வழங்கிய திருவிழா வேறெங்கேனும் உண்டோ, நான் அறியேன்.

மலையிலிருந்து இறங்குவது தெய்வம் மாத்திரமன்று. யுகயுகமாக மலைப்பாறைகள் கரைந்து, ஆறுகளின் வழியே கடலடைந்து, அலைகளால் சலித்துக் கரையில் ஒதுக்கப்பட்ட கனத்த மணலே கடியப்பட்டணத்தையடுத்த மணவாளக்குறிச்சியின் கீர்த்திக்குக் காரணம். 1909-ல், இக்கரையிலிருந்து ஜெர்மனிக்குச் சென்ற தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கண்ட ஷோம்பர்க் என்னும் ரசாயன நிபுணர், அதில் மோனசைட் இருப்பதை உணர்ந்து, அது வந்த கரையைத் தேடி இங்கே வந்து சேர்ந்தார். அக்காலத்து வாயு விளக்குகளின் வலைக்கு வேண்டிய தோரியம் அம்மணலில் இருந்தமையால், அதுவரை கயிற்றில் ஒட்டிய குப்பையாகக் கருதப்பட்ட மண் வர்த்தகப் பொருளாயிற்று.

வேளிமலைக் குமாரசுவாமியும் ஊர் விட்டு ஊர் செல்பவரே. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு, பத்மநாபபுரத்துச் சரஸ்வதி யானைமீதும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை பல்லக்கிலும் எழுந்தருள, அவரும் உடன் திருவனந்தபுரம் சென்று திரும்புவார். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்து நடுவே ஓர் எல்லைக்கோடு விழுந்தபின்பும் அந்த யாத்திரை நிற்கவில்லை. களியக்காவிளையில் இரு மாநிலத்துக் காவலர்களும் அணிவகுத்து நின்று மூவரையும் எல்லை கடத்தி விடுகிறார்கள்.