பாஸ்புக்கிலிருந்து பாஸ்வேர்டு வரை

வங்கியில் வேலை என்று தெரிந்துவிட்டால் போதும். இங்கே மும்பையில் நம்மவர் வீட்டுக் கல்யாணப் பந்தியில்கூட பக்கத்து இலைக்காரர் கேட்டுவிடுவார்: "சார், இந்த ஆன்லைன் சேவிங்ஸ் அக்கவுண்ட் எல்லாம் நம்பி ஆரம்பிக்கலாமா?" ரசம் ஊற்றுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை இது. அதனால் இங்கே விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் கொஞ்சம் சரித்திரம். பி.காம். படித்தவனிடம் கேட்டால் அப்படித்தான். ஓப்பனிங் பேலன்ஸ் தெரியாமல் எந்தக் கணக்கையும் எழுத மாட்டோம் :-)

ஆரம்ப இருப்பு

நம் நாட்டில் சேமிப்பு வங்கி என்பது அரசாங்கம் ஆரம்பித்த சமாச்சாரம். 1833-க்கும் 1835-க்கும் இடையில் கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்று மாகாணத் தலைநகரங்களிலும் அரசு சேமிப்பு வங்கிகள் வந்தன. கிராமத்துக்காரனுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. அவன் வாசலுக்குச் சேமிப்புக் கணக்கு வந்தது 1882 ஏப்ரல் 1-க்குப் பிறகு, தபால் அலுவலக சேமிப்பு வங்கி தொடங்கியபோதுதான். அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1880-இல், தபால் துறை மணியார்டர் சேவையை ஆரம்பித்திருந்தது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஊரை விட்டு வேலைக்குப் போனவனுக்கு அன்றும் இன்றும் மூன்று தேவைகள். ஒன்று, பணம் ஊருக்குப் போய்ச் சேர வேண்டும். இரண்டு, மிச்சம் பிடித்தது பத்திரமாக இருக்க வேண்டும். மூன்று, தனக்கு ஏதாவது ஒன்று என்றால் பணம் இருக்கிற இடம் வீட்டுக்குத் தெரிய வேண்டும். முதலாவதை மணியார்டர் பார்த்துக்கொண்டது. இரண்டாவதை தபால் ஆபீஸ் கணக்கு பார்த்துக்கொண்டது. மூன்றாவதை, டிரங்குப் பெட்டியில் வேட்டிக்கு அடியில் இருந்த பாஸ்புக் பார்த்துக்கொண்டது. இந்த மூன்றையும் அளவுகோலாக வைத்துக்கொண்டு மேலே போவோம்.

வங்கி மூழ்கினால்?

தபால் ஆபீஸ் அரசாங்கத்துடையது. வங்கிகள் அப்படி இல்லை. 1906 அக்டோபரில் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி திவாலானது. வெள்ளைக்காரன் கம்பெனி, விழவே விழாது என்று நம்பிப் பணம் போட்டவர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். அந்த அதிர்ச்சியில், வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்கள் முன்னின்று 1907-இல் தொடங்கியதுதான் இந்தியன் வங்கி. 1938-இல் திருவாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் பேங்க் விழுந்தது. 1960 ஆகஸ்டில் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் பேங்க் மூடப்பட்டது.

பாலாய் விழுந்த பிறகுதான் டெல்லிக்கு உறைத்தது. 1961-இல் டெபாசிட் இன்சூரன்ஸ் சட்டம் வந்தது. 1962 ஜனவரி 1 முதல் நடைமுறை. அப்போதைய பாதுகாப்பு, ஒருவருக்கு ஒரு வங்கியில் 1,500 ரூபாய். படிப்படியாக ஏறி 1993-இல் ஒரு லட்சம் ஆனது. பிறகு 27 வருடம் அதிலேயே நின்றது. 2020 பிப்ரவரியில்தான் ஐந்து லட்சம் ஆக்கினார்கள். இந்தப் பாதுகாப்பு கிளைக்குப் போய் ஆரம்பித்த கணக்குக்கும் மொபைலில் ஆரம்பித்த கணக்குக்கும் ஒன்றுதான். பாஸ்புக் இருப்பதால் கூடுதல் பாதுகாப்பு இல்லை, இல்லாததால் குறையவும் இல்லை. அசலும் வட்டியும் சேர்த்து, ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் என்பதை நினைவில் வையுங்கள்.

டோக்கன் காலம்

1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் தேசியமயமானதும் கிளைகள் ஊர் ஊராகப் போயின. பித்தளை டோக்கன், பெரிய லெட்ஜர், கம்பி போட்ட கேஷ் கவுண்ட்டர் எல்லாம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் காலத்தில் நீங்கள் வங்கியின் வாடிக்கையாளர் இல்லை, கிளையின் வாடிக்கையாளர். கும்பகோணம் கிளையில் கணக்கு இருந்தால், செம்பூரில் அதே வங்கியின் கிளையில் போய் நின்றாலும் கையெழுத்தைச் சரிபார்க்க வழி கிடையாது. அப்பாவுக்குப் பணம் அனுப்ப டிடி எடுக்க வேண்டும், கமிஷன் உண்டு. வெளியூர் செக் போட்டால் கலெக்‌ஷனுக்குப் போய் வர வாரக் கணக்கில் ஆகும்.

வட்டியும் அப்படித்தான். 2010 மார்ச் 31 வரை, மாதத்தின் 10-ஆம் தேதியிலிருந்து கடைசி நாள் வரை கணக்கில் இருந்த மிகக் குறைந்த தொகைக்கு மட்டும்தான் வட்டி. ஒரு உதாரணம். மாதம் முழுக்க 50,000 ரூபாய் இருக்கிறது. 30-ஆம் தேதி 45,000 எடுக்கிறீர்கள். அன்றைய 3.5 சதவீதத்தில், அந்த மாதத்துக்கு உங்களுக்குக் கிடைத்தது 5,000 ரூபாய்க்கான வட்டி, சுமார் 15 ரூபாய். 2010 ஏப்ரல் 1 முதல் தினசரி இருப்புக்கு வட்டி என்று ஆனதும் அதே கணக்குக்குச் சுமார் 139 ரூபாய். லெட்ஜரைக் கையால் எழுதிய காலத்தில் தினசரிக் கணக்கு போட முடியாது. கம்ப்யூட்டர் வந்ததால் சேமிப்பவருக்குக் கிடைத்த நேரடி லாபம் இது. யாரும் பெரிதாகப் பேசவில்லை என்பதால் சொல்கிறேன்.

கவுண்ட்டர் கைக்குள் வந்தது

1987-இல் இதே மும்பையில் எச்.எஸ்.பி.சி. வங்கி முதல் ஏடிஎம்மை வைத்தது. 1990களின் பிற்பகுதியில் ஐசிஐசிஐ போன்ற புதிய தனியார் வங்கிகள் இன்டர்நெட் பேங்கிங்கைக் கொண்டுவந்தன. 2001 ஜூனில் ரிசர்வ் வங்கி அதற்கு விதிமுறை வகுத்தது. அதில் ஒரு விதி சுவாரசியமானது: விண்ணப்பம் இணையத்தில் வரலாம், ஆனால் முறையான அறிமுகமும் ஆளை நேரில் சரிபார்ப்பதும் முடிந்த பிறகே கணக்கு தொடங்க வேண்டும். அதாவது, கதவு இணையத்தில், தாழ்ப்பாள் கிளையில்.

தாழ்ப்பாள் திறக்க இன்னும் இருபது வருடம் ஆனது. 2005 நவம்பரில் நெஃப்ட், 2010 நவம்பரில் ஐஎம்பிஎஸ், 2016-இல் யூபிஐ வந்தன. மணியார்டர் பார்த்த வேலையை மூன்றும் சேர்ந்து நொடியில் முடித்தன. ஆதார் ஓடிபியை மட்டும் வைத்துக் கணக்கு தொடங்கலாம் என்று அனுமதி வந்தது. ஆனால் மொத்த இருப்பு ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது, ஒரு நிதியாண்டு வரவு இரண்டு லட்சத்தைத் தாண்டக் கூடாது, ஒரு வருடத்துக்குள் முழு சரிபார்ப்பு முடிய வேண்டும் என்று கட்டுப்பாடுகள். 2020 ஜனவரியில் வீடியோ மூலமே முழு சரிபார்ப்புக்கு அனுமதி கிடைத்தது. கிளைக்கே போகாத முழுமையான சேமிப்புக் கணக்கு அப்போதுதான் நிஜமாகச் சாத்தியமானது.

நடுவே இன்னொன்றும் நடந்தது. 2011 அக்டோபர் 25 அன்று சேமிப்பு வட்டியை வங்கிகளே தீர்மானிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி விட்டுவிட்டது. மற்றவர்கள் 4 சதவீதத்தில் நிற்க, யெஸ் வங்கி உடனே 6 சதவீதம் என்று அறிவித்தது.

2020: பரீட்சை வருடம்

அதே யெஸ் வங்கியின் மீது 2020 மார்ச் 5 அன்று கட்டுப்பாடு வந்தது. 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. அந்த வங்கி வழியாக ஓடிய போன்பே செயலியும் முடங்கியது. மார்ச் 18 அன்று கட்டுப்பாடு நீங்கியது. டெபாசிட் பணம் யாருக்கும் போகவில்லை. ஆனால் அந்த இரண்டு வாரமும் வாடகையும் பள்ளிக்கூட ஃபீசும் அந்த ஒரே கணக்கில் வைத்திருந்தவர்கள் பட்ட பாடு பெரிது.

அடுத்தது நம் ஊர்க் கதை. 1926-இல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கிக்கு 2020 நவம்பர் 17 அன்று கட்டுப்பாடு வந்தது. உச்சவரம்பு 25,000 ரூபாய். பத்து நாளில் அது டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டது. டெபாசிட் போட்டவர்கள் தப்பித்தார்கள். பங்கு வாங்கியவர்களின் முதல் பூஜ்யமானது. இதில் கவனிக்க ஒரு விஷயம் உண்டு. 2016 ஏப்ரலில் மும்பையில், கிளையே வேண்டாம், மொபைலே வங்கி என்று டிஜிபேங்க்கை ஆரம்பித்ததும் இதே டிபிஎஸ்தான். நான்கு வருடம் கழித்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட கிளைகளோடு ஒரு பழைய வங்கியை ஏற்றுக்கொண்டது. கிளை ஒரேயடியாகச் செத்துவிட்டது என்று யாராவது சொன்னால் இதை ஞாபகப்படுத்துங்கள்.

இப்போது வரவு செலவு

வரவுப் பக்கம்:

1. தூரம் ஒரு பொருட்டே இல்லை. ஊரில் அம்மாவுக்கு மாத்திரை வாங்க ராத்திரி பத்து மணிக்கும் பணம் போகும்.
2. பல ஆன்லைன் கணக்குகளில் குறைந்தபட்ச இருப்பு கிடையாது. (இந்தச் சலுகை இப்போது ஆன்லைனுக்கு மட்டும் சொந்தமில்லை. ஸ்டேட் வங்கி 2020-இலும், கனரா, பஞ்சாப் நேஷனல், இந்தியன் வங்கிகள் 2025-இலும் அந்த அபராதத்தை எடுத்துவிட்டன.)
3. சில இடங்களில் வட்டி கூடுதல். ஸ்டேட் வங்கியின் சேமிப்பு வட்டி 2025 ஜூனில் 2.5 சதவீதத்துக்கு இறங்கியதை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

செலவுப் பக்கம்:

1. கவுண்ட்டரில் எதிரே ஒரு ஆள் இல்லை. அந்தக் காலத்துக் கேஷியர் சிடுமூஞ்சியாக இருந்தாலும், "இவ்வளவு பணம் எதுக்குப் பெரியவரே எடுக்கறீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்பார். ஆப் கேட்காது.
2. பொறுப்பு நம் பக்கம் நகர்ந்துவிட்டது. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் பணம் போய், தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தால் நஷ்டம் உங்களுக்கு இல்லை. ஆனால் ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் நிமிடம் வரை போனது உங்களுடையது. அதனால் முதலில் வங்கிக்கும் உடனே 1930-க்கும் போன் செய்யுங்கள். மற்ற புலம்பல் பிறகு.
3. வங்கி மாதிரித் தெரிவதெல்லாம் வங்கி இல்லை. அழகான ஆப்புக்குப் பின்னால் உரிமம் பெற்ற வங்கி எது என்று பாருங்கள். உங்கள் பணம் இருப்பதும் இன்சூரன்ஸ் இருப்பதும் அந்த வங்கியில்தான்.

மூன்றாவது தேவை

ஆரம்பத்தில் மூன்று தேவை சொன்னேன். முதலாவதை ஆன்லைன் கணக்கு மணியார்டரை விடப் பிரமாதமாகச் செய்கிறது. இரண்டாவதில் பழையதும் புதியதும் கிட்டத்தட்ட ஒன்று. மூன்றாவதில்தான் ஆன்லைன் கணக்கு அந்தப் பழைய பாஸ்புக்கிடம் தோற்கிறது.

சில வருடம் முன்பு நம் தமிழ்க் குடும்பம் ஒன்றிலிருந்து ஒரு அம்மா எங்கள் கிளைக்கு வந்தார். கணவர் திடீரென்று தவறிவிட்டார். கையில் ஒரே ஒரு பாஸ்புக், அதில் சொற்பத் தொகை. "மிச்சமெல்லாம் அவர் போன்லதான் வச்சிருந்தார் சார். அந்த போனோட லாக்கே எனக்குத் தெரியாது" என்றார். அவருடைய பழைய பாஸ்புக் என்ட்ரிகளை வரி வரியாகப் பார்த்து, எந்தெந்த வங்கிக்குப் பணம் போயிருக்கிறது என்று கண்டுபிடித்தோம். இரண்டு ஆன்லைன் கணக்குகள். ஒன்றில் நாமினியே போடவில்லை. வாரிசு சான்றிதழுக்காக அவர் மும்பைக்கும் ஊருக்கும் அலைந்தது ஒரு தனிக் கதை.

இது அபூர்வம் இல்லை. இரண்டு வருடம் பரிவர்த்தனை இல்லாத கணக்கு செயலற்றதாகிவிடும். பத்து வருடம் ஆனால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். அப்படி உரிமை கோரப்படாமல் கிடந்த தொகை 2024 மார்ச் இறுதியில் 78,213 கோடி ரூபாய். பணம் காணாமல் போவதில்லை, கேட்டால் திரும்பக் கிடைக்கும். ஆனால் கேட்பதற்கு, இருப்பது தெரிய வேண்டும். 2023-இல் ரிசர்வ் வங்கி தொடங்கிய உத்கம் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். ஊரில் இருக்கும் பெரியவர்களின் பெயரிலும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

ஆக, என் பதில்: தாராளமாக ஆரம்பியுங்கள். ஆனால் சம்பளம், சேமிப்பு எல்லாவற்றையும் அந்த ஒன்றிலேயே வைக்காதீர்கள். நடந்து போகிற தூரத்தில் கிளை உள்ள ஒரு கணக்கும் இருக்கட்டும். ஒரு வங்கியில் ஐந்து லட்சத்துக்கு மேல் போகும்போது யோசியுங்கள். நாமினி போடுங்கள், 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை போடலாம். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்கிறவர்தான், சொத்துக்கு வாரிசு வேறாக இருக்கலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக, எந்த வங்கி, என்ன கணக்கு எண், யார் நாமினி என்று ஒரு நோட்டில் கையால் எழுதி, பீரோவில் வைத்து, வீட்டில் ஒருவரிடமாவது காட்டுங்கள். பாஸ்வேர்டு எழுத வேண்டாம், அது தேவையும் இல்லை. வங்கியின் பெயர் தெரிந்தால் போதும், மிச்சத்தை எங்களைப் போன்றவர்கள் பார்த்துக்கொள்வோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காபி குடித்த கையோடு செய்துவிடுங்கள். அரை மணி நேர வேலை.