பொதுப் பட்டியலும் தனிப் பட்டியலும்

தருமபுரிச் சமவெளிக்கு மேலே எழுந்து நிற்கும் வத்தல்மலையில் சாமையும் காபியும் மிளகும் பயிரிட்டு வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கும் கீழேயுள்ள தாலுகா கச்சேரிக்கும் இடையே இருந்த உறவு நெடுங்காலம் ஒற்றையடிப் பாதையை நம்பியே நடந்தது. கொண்டையூசி வளைவுகளோடு மலைச்சாலை அமைந்தது இந்த நூற்றாண்டில்தான். சாலை வருமுன்பே, அந்தக் கச்சேரியை மாவட்டத் தலைநகரோடும் சென்னையோடும் பிணைக்கும் வேறொரு பாதை உருவாகத் தொடங்கியிருந்தது. 2005-ல் மத்திய அரசு 3,334 கோடி ரூபாய் மதிப்பில் அங்கீகரித்த மாநிலப் பெரும்பரப்பு வலைத் திட்டம், தலைநகரிலிருந்து வட்டார அலுவலகம்வரை விநாடிக்கு 2 மெகாபிட் வேகத்துக்குக் குறையாத இணைப்பை உத்தேசித்தது. தமிழ்நாட்டில் அப்பொறுப்பு மாநில அரசின் எல்காட் நிறுவனத்திடம் வந்தது. பல துறைகளின் தகவல்கள் ஒன்றோடொன்று கலவாமல் ஒரே கம்பியில் செல்ல வேண்டும் என்னும் அவசியம் இத்தகைய வலைகள் அனைத்துக்கும் பொதுவானது. அதற்கான உபாயத்துக்கு ஒரு சிறு சரித்திரம் உண்டு.

1995 ஆகஸ்டு 15-ல் விதேஷ் சஞ்சார் நிகாம் நம் நாட்டுப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்ட காலத்தில், ரவுட்டர் என்னும் யந்திரத்திடம் சாதாரணமாக ஒரே வழிப்பட்டியல்தான் இருந்தது. வந்த தகவல் பொட்டலத்தின் முகவரியை அதில் தேடி, மிக நீளமாகப் பொருந்தும் வரியைப் பின்பற்றுவதே அதன் விதி. 1996 பிப்ரவரியில், 10 என்று தொடங்குவன முதலிய சில எண் தொகுதிகளை எந்த ஸ்தாபனமும் தன் எல்லைக்குள் யாரையும் கேளாமல் உபயோகித்துக்கொள்ளலாம் என்னும் ஏற்பாடு உறுதிப்படவே, ஒரே முகவரி பல இடங்களில் வழங்கலாயிற்று. அத்தகைய இரு ஸ்தாபனங்களைச் சுமக்க நேர்ந்த தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு ஒற்றைப் பட்டியல் போதவில்லை.

1999 மார்ச்சில் எரிக் ரோசன், யாக்கோவ் ரெக்டர் என்னும் பொறியாளர் இருவர் இதற்கு ஒரு வழியை வெளியிட்டனர். ஒரே ரவுட்டருக்குள் வாடிக்கையாளர்தோறும் ஒரு தனிப் பட்டியல். புதூர் என்னும் பெயருள்ள இரண்டு ஊர்களைத் தாலுகாவின் பெயர் சேர்த்து வேறுபடுத்துவதுபோல, ஒவ்வொரு முகவரிக்கும் முன்னால் 64 பிட் அடையாளம் ஒன்று. 2006-ல் செம்மைப்படுத்தப்பட்ட இம்முறையே இன்றும் வழக்கில் உள்ளது.

பட்டியலைத் தேர்வதில் முகவரிக்குப் பங்கில்லை என்பது இம்முறையின் சூட்சுமம். பொட்டலம் எந்த வாயிலின் வழியே நுழைந்ததோ, அவ்வாயில் எந்தத் தனிப் பட்டியலோடு பிணைக்கப்பட்டிருக்கிறதோ, அதுவே புரட்டப்படும். எதனோடும் பிணைக்கப்படாத வாயிலில் வந்ததற்குப் பொதுப் பட்டியல். நடுவழியைக் கடந்து வருவதற்கோ, மேலே ஒட்டிய முத்திரை எண் எந்தப் பட்டியல் என்பதைத் தெரிவிக்கும். தனிப் பட்டியல் காட்டும் மறுகரை ரவுட்டரை எட்டும் பாதை பொதுப் பட்டியலில் இருப்பதால், நடுவிலுள்ள யந்திரங்கள் வாடிக்கையாளரின் முகவரிகளை அறியாமலே அவர்களுடைய தகவலைச் சுமந்து செல்கின்றன.

தனிப் பட்டியலில் வழி இல்லையென்றால் என்ன செய்வது என்பதில் இரண்டு சம்பிரதாயங்கள் உண்டு. சிஸ்கோ போன்ற நிறுவனங்களின் ரவுட்டர்களில், நிர்வாகி மனமறிந்து வழி திறந்துவைத்தாலன்றி, பொட்டலம் பொதுப் பட்டியலுக்குப் போகாமல் கைவிடப்படும். லினக்ஸ் என்னும் இயக்குதளத்திலோ, விதிகளின் வரிசைப்படி ஒரு பட்டியலில் கிடைக்காதது அடுத்ததில் தேடப்படும். ஆதலால் 2015-ல் அதற்கு இத்தகைய தனிப் பட்டியல் வசதி வந்தபோதும், ‘இதற்கு மேல் வழியில்லை’ என்னும் வரியொன்றைக் கடைசியில் எழுதிவைக்குமாறு அதன் ஆவணமே அறிவுறுத்துகிறது. எழுத மறந்தவருடைய தனித் தகவல் பொதுவழியில் இறங்கிவிடும்.

ஆகவே துறைகளைப் பிரித்துக் காக்கும் பொறுப்பு, வாயிலைப் பட்டியலோடு பிணைக்கும் ஊழியருடையதாகிறது. முன்பே முகவரி பெற்ற வாயிலை அவர் சிஸ்கோ ரவுட்டரில் ஒரு தனிப் பட்டியலுக்கு மாற்றினால், யந்திரம் அம்முகவரியை அழித்துவிட்டு, மறுபடியும் எழுதும்வரை காத்திருக்கும். பட்டியல் மாறியபின் பழைய முகவரிக்குப் பொருளில்லை என்பதே அதன் கணக்கு.